காரணம் என்ற கட்டம்

மலாயாவில், பெனூட் தாண்டித் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். மூவாரை விட்டுக் கிளம்பி அது நாலாவது நாள். காலில் டயரை அறுத்துச் செய்த செருப்பு. தோளில் ஒரு சாக்கு; அதில் ஒரு கைலி, ஒரு தகரக் குவளை, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு. எதிரே மாட்டுவண்டியில் வந்த தமிழர் ஒருவர் மாட்டை இழுத்து நிறுத்தினார்.

"எங்கேருந்து வரீங்க?"

"மூவாரு."

"அங்க என்ன வேல?"

"காரு ஓட்டுனேன்."

அவர் என் செருப்பைப் பார்த்தார். "காரு எங்க?"

"அங்கதான் நிக்குது."

"காரு ஓட்டுற வேலைய விட்டுட்டு நடந்து வரீங்களே. என்ன காரணம்?"

நான் சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன். அவர்மேல் கோபம் இல்லை. என்ன காரணம் என்ற அந்தக் கேள்வியை ஒரு மனிதர் ஒன்றரை வருஷம் என் காதில் ஓதியிருந்தார். அதை இன்னொரு வாயிலிருந்து கேட்கும் தெம்பு அன்று எனக்கு இல்லை.

அவரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. ஜப்பான்காரன் வந்த பிறகு எல்லோரும் ஒல்லியானோம். அவர் அதற்கு முன்பே ஒல்லி. வெள்ளைக்காரன் ஆட்சியில் வாகனங்களைச் சோதித்து, ஓட்டலாம் என்று சீட்டுக் கொடுக்கும் உத்தியோகம் பார்த்தவர். ஆட்சி ஓடிப்போன வாரத்தில் அலுவலகத்தில் இருந்ததை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் நாற்காலி, ஒருவர் மின்விசிறி, ஒருவர் கதவையே கழற்றிக்கொண்டு போனார். ஐயா ஒரு கட்டு அச்சடித்த படிவம் எடுத்து வந்தார்.

படிவத்தில் நாலு கட்டங்கள். குறை, காரணம், பொறுப்பு, ஒப்பம். எல்லாம் இங்கிலீஷில். மேலே ராஜாவின் கிரீடம் அச்சடித்திருக்கும். காலம் மாறிவிட்டதால் ஒவ்வொரு தாளிலும் அடிமட்டம் வைத்து அந்தக் கிரீடத்தைச் சிவப்பு மையால் அடித்தார். ஒரு கிரீடத்துக்கு இரண்டு கோடு. அவரைப் பொறுத்தவரை பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முடிந்தது அந்த இரண்டு கோட்டில்தான்.

ஒரு சீனருடைய மரச்சாமான் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றில் பழுது பார்த்து வந்தார். கார் என்றால் ஊரில் மொத்தமே நாலைந்துதான் ஓடின. அதனால் தையல் மெஷின், சைக்கிள், தண்ணீர்ப் பம்பு எது வந்தாலும் பார்த்தார். எது வந்தாலும் காரணம் தெரியாமல் கை வைக்க மாட்டார். ஒருமுறை பட்டறையின் பம்பு நின்றுவிட்டது. நான் ஓங்கி ஓர் உதை விட்டேன். தண்ணீர் கொட்டியது. சுற்றியிருந்தவர்கள் வாளியோடு ஓடி வந்தார்கள். ஐயா வந்து பம்பை நிறுத்திவிட்டார்.

"ஏன் ஐயா, வந்த தண்ணிய நிறுத்துறீங்க?"

"வந்ததுக்கு என்ன காரணம் எண்டு தெரியேல்லை. காரணம் தெரியாமல் வாற தண்ணி காரணம் தெரியாமல் நிண்டுபோம்."

சாயங்காலம்வரை பம்பைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். அன்று யாரும் குளிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பம்பு நிற்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சாவு வீடுகளில் அவரைக் கண்டால் ஆட்கள் நகர்ந்து உட்காருவார்கள். எங்கள் வரிசை வீடுகளில் ஒருவர் காய்ச்சலில் போனார். ஐயா போய் பெஞ்சில் உட்கார்ந்து, செத்தவரின் பெண்சாதியிடம், "என்ன காரணம்?" என்று கேட்டார்.

"காய்ச்சலுங்க."

"காய்ச்சலுக்கு என்ன காரணம்?"

"கொசுன்னு சொன்னாங்க."

"கொசுவலை இல்லையோ?"

"இருந்திச்சிங்க. அதத்தான் வித்து அரிசி வாங்குனோம்."

"அப்ப காரணம் அரிசி," என்றார் ஐயா, ஒரு திருகாணி கிடைத்த திருப்தியோடு. அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் ஐயாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. தான் அனுதாபம் சொன்னதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவருக்கு வாகனத்தில் மிகப் பிடித்த உறுப்பு எஞ்சின் இல்லை, சிக்னல் கை. அந்தக் காலத்துக் கார்களில் கண் சிமிட்டும் விளக்கு கிடையாது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள தூணில், பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு சாண் நீளத்தில் ஒரு கை மடங்கிக் கிடக்கும். ஸ்டியரிங்கில் உள்ள விசையைத் திருப்பினால் மின்சாரம் பாய்ந்து, கை டக்கென்று எழுந்து வெளியே நீளும். அதற்குள் ஒரு குட்டி விளக்கு எரியும். எழாமல் போகும், பாதியில் நிற்கும், எழுந்தது மடங்காமல் அடம் பிடிக்கும். மற்றவர்கள் அதை விளையாட்டுச் சாமான் என்பார்கள். ஐயா அப்படிச் சொல்லவிட மாட்டார்.

"எஞ்சின் நிண்டால் நட்டம் ஓட்டுறவனுக்கு. கை பிழைச்சால் நட்டம் எதிரிலை வாறவனுக்கு. வாகனம் பொய் சொல்லப்படாது."

வெள்ளைக்காரத் துரைமார்களின் காரையே, கை ஒரு நொடி தாமதமாக எழுந்தது என்று திருப்பி அனுப்பியவர். வெள்ளைக்காரன் ஏன் தோற்றான் என்று பட்டறையில் பேச்சு வந்தபோது ஆளாளுக்கு விமானம், கப்பல் என்றார்கள். ஐயா சொன்னார்: "கடைசிவரைக்கும் இந்தப் பக்கம் போறன் எண்டு ஒருத்தருக்கும் காட்டேல்லை. திடீரெண்டு சிங்கப்பூர்ப் பக்கம் திரும்பினவன்."

நான் ஓட்டிய காரும் ஒரு தோட்டத்துத் துரையுடையதுதான். இப்போது அதில் ஒரு ஜப்பான் அதிகாரி போனான். பெட்ரோல் இல்லாததால் பின்னால் கரி அடுப்பு கட்டியிருந்தது. காலையில் முக்கால் மணி நேரம் விசிறினால்தான் கார் இருமும். நான் அதற்கு முன் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியிருக்கிறேன், மீன் வாடியில் உப்புத் தட்டியிருக்கிறேன், ஆற்றில் மணல் அள்ளியிருக்கிறேன். கார் வேலையில் நிழல் இருந்தது. அதற்காகவே ஒன்றரை வருஷம் தங்கினேன். ஓர் இடத்தில் நான் அவ்வளவு காலம் இருந்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் காரின் இடது கை ஒருநாள் தானாக எழுந்தது. படகுத்துறைக் காவல் சாவடியைக் கடக்கும்போது, நேராகப் போகிற கார் கையை நீட்டியது. காவலன் குழம்பி இரண்டு பக்கமும் பார்த்தான். மறுவாரம் மறுபடியும். மூன்றாவது தடவை திடலில். ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசை பார்த்து ஊரே குனிந்து நின்றது. கார் மெதுவாகத் திடலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எல்லோரும் தலை கவிழ்ந்திருக்க, என் கார் மட்டும் கையைத் தூக்கி, விளக்கும் எரிய நின்றது.

அதிகாரி இறங்கி வந்து என்னை அறைந்தான். "சாலா சியாப்பா?" என்று கேட்டான். தப்பு யாருடையது என்று அர்த்தம். அவனுக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான்; அவன் வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு அவனுடைய மொழிபெயர்ப்பாளன் விஷயத்தைச் சொன்னான். திங்கட்கிழமை கிம்மாஸ் ஸ்டேஷனுக்கு லாரி போகிறது. அங்கிருந்து சயாம், ரயில் பாதை போட. ஓட்டுபவர், பழுது பார்ப்பவர் என்று வாகன வேலை பார்க்கும் எங்களிலிருந்து ஓர் ஆள் தர வேண்டும். பட்டியலில் அந்த ஒரு வரி இன்னும் காலி. சனிக்கிழமைக்குள் கையைச் சரிசெய்து, தப்பு யாருடையது என்று எழுதிக் கொண்டுவராவிட்டால் அந்த வரியில் என் பெயர். அதற்கு முன் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போனவர்களில் ஒருத்தர்கூட அதுவரை திரும்பவில்லை.

அன்று புதன்கிழமை. காரை ஐயாவிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஐயா, கம்பிய வெட்டி விட்டுருங்க. கையே எழும்பாது."

"திரும்பேக்கை எழும்பாட்டி அதுக்கும் அறைவான். குறையைச் சொல்லுற வாயை அடைச்சால் குறை போச்சுதோ?"

விசையைப் பார்த்தார், சரி. பாட்டரியைப் பார்த்தார், பலவீனம், ஆனால் அது கையை எழுப்பாமல் விடுமே தவிர தானாக எழுப்பாது. கையின் சுழல் ஊசியைத் துடைத்து எண்ணெய் விட்டார். நாற்பது தடவை விசையைத் திருப்பச் சொன்னார். நாற்பது தடவையும் ஒழுங்காக எழுந்து ஒழுங்காக மடங்கியது. வியாழக்கிழமை ஊரைச் சுற்றி ஓட்டினோம், குழி பார்த்து இறக்கினோம். கை பெட்டிப்பாம்பாகக் கிடந்தது.

"உங்களோட வந்தா மட்டும் நல்ல புள்ளையா இருக்கு," என்றேன்.

ஐயா யோசித்தார். "குறை வந்த நேரம் காருக்குள்ளை என்னவெல்லாம் இருந்ததோ அவ்வளவும் இருக்க வேணும். ஆர் இருந்தது?"

"அவன்தான்."

"எங்கை?"

"பின்னால, இடது பக்கம். வாளக் கழட்டி முன்சீட்டுக்கும் தூணுக்கும் நடுவுல செருகிட்டு உக்காருவான்."

"வாளின்ரை உறை என்ன?"

"இரும்பு."

வெள்ளிக்கிழமை காலை, பட்டறையில் கிடந்த ஒரு தண்ணீர்க் குழாயை வாள் உயரத்துக்கு அறுத்து எடுத்துக்கொண்டு, அதிகாரியின் இடத்தில் ஐயா ஏறி உட்கார்ந்தார். மேலே பனியன். குழாயைத் தூணுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

"போம்."

"எங்க ஐயா?"

"அவன் போற வழியெல்லாம்."

"சாவடி வழியாவா? பாத்தான்னா ரெண்டு பேரையும் சுட்டுருவான்."

"மற்ற வழியிலை வேறை குழியல்லோ இருக்கும்."

சாவடி வந்தது. கொடி கட்டிய காரைக் கண்டதும் காவலன் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். பின்சீட்டில் ஐயா தூணின் அடிப்பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால், வெளியிலிருந்து பார்த்தால் பெரியவர் யாரோ குனிந்து மரியாதையை ஏற்பதுபோல இருந்திருக்கும். சாவடிக்கு முன்னாலிருந்த குழியில் சக்கரம் இறங்கியது. குழாய் ஆடித் தூணில் உரசியது. இடது கை டக்கென்று எழுந்தது.

"கண்டன்," என்றார் ஐயா. பிள்ளை பிறந்த செய்தி கேட்டவர் குரல் அது. நான் பெடலை அழுத்திச் சாவடியைத் தாண்டினேன்.

விஷயம் இதுதான். அந்தத் தூண் மரத்தாலானது. அதன் உள்பக்கமாக இரண்டு கம்பிகள் ஏறிப் போயின. ஒன்று கூரை விளக்குக்கு. அதில் எப்போதும் மின்சாரம் இருக்கும். மற்றது சிக்னல் கைக்கு. அவற்றைப் பிடித்துவைக்கும் கிளிப் இல்லாததால் இரண்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. வாளுறை உரசி உரசி மேல்தோல் போய்விட்டது. கார் குலுங்கும்போது உறையின் இரும்பு இரண்டையும் தொட்டு இணைக்க, கை எழுந்துவிடும்.

கிழிந்த வேட்டித் துணியை ரப்பர் பாலில் நனைத்துக் கம்பிகளில் சுற்றிக் காயவைத்தார். வேலை முடிந்தது. படிவத்தை எடுத்துக் காரணம் என்ற கட்டத்தில் 'பயணியின் வாள்' என்று எழுதினார்.

நான் அந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டினேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது முடிக்கவில்லை என்றாலும் சாரதிகளுக்குச் சில வார்த்தைகள் பழகிவிடும்.

"ஐயா, இத எழுதுனா நான் சயாம் போறதுக்கு முன்னாடியே செத்துருவேன். எலி கடிச்சிருச்சின்னு எழுதுங்க."

"எலி எங்கை?"

"எழுதுனா வந்துரும் ஐயா. இந்த ஊர்ல எலிக்கா பஞ்சம்?"

"எலியெண்டால் பல்லு அடையாளம் கிடக்க வேணும். இது உராய்வு. எலி எண்டு எழுதினால் பூனை தேடுவினம். வாள் அதே இடத்திலைதான் இருக்கும். ஒரு மாதத்திலை திரும்பவும் கை எழும்பும். பிறகு?"

"ஒரு மாசம் உயிரோட இருந்துட்டுப் போறேனே."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னதைப் பழுதான ஒரு பொருளைப் பார்ப்பதுபோல எல்லாப் பக்கமும் பார்த்திருக்க வேண்டும். "அது தற்காலிகம்," என்றார்.

சனிக்கிழமை அதிகாரியே கொட்டகைக்கு வந்தான். ஐயா படிவத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாலா சியாப்பா?" என்றான். ஐயா விரலை நீட்டி அவன் இடுப்பிலிருந்த வாளைக் காட்டினார்.

பட்டறையில் இழைப்புச் சத்தம் நின்றது. அதிகாரி வாளை உயர்த்திப் பார்த்தான். உறையின் ஓரத்தில் பெயின்ட் உரிந்து ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் இருந்தது. அதுவரை அவன் அதைக் கவனிக்கவில்லை போலும். கட்டைவிரலால் தடவினான். முகம் மாறியது. கம்பி தேய்ந்தது அவன் புத்தியில் ஏறவே இல்லை. கார் தன் வாளைக் கீறிவிட்டது என்பது மட்டும் ஏறியது. கை எழுந்தது ஒரு குற்றமாக இருந்தது. இப்போது குற்றம் இரண்டு. காரை அறைய முடியாது. அவன் என் பக்கம் திரும்பினான்.

"சாலா சியாப்பா?"

பதில் என் பெயர்தான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"நில்லும்," என்றார் ஐயா, தமிழில், ஜப்பான் அதிகாரியைப் பார்த்து. பழைய துரைமார்களிடம் பேசிய அதே குரல். பின்கதவைத் திறந்து, மண்டியிட்டு, தூணின் உள்பக்கம் பார்த்தார். கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் ஆணித் துளை இருந்தது. அதில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து அதிகாரியிடம், "சாயா," என்றார். நான் என்று அர்த்தம்.

அறை விழுந்தது. மூக்குக்கண்ணாடி கீழே போயிற்று. எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் விளக்கினார், ஏதோ நான்தான் கேட்டதுபோல.

"இந்தக் காருக்குத் துரை வைச்சிருந்த காலத்திலை நான்தான் சீட்டுக் குடுத்தனான். கிளிப் இல்லை எண்டு கண்டனான். அடுத்த முறை பாப்பம் எண்டு விட்டனான்."

"நீங்களா? ஏன் ஐயா?"

"மத்தியானம் ஒண்டரை மணி. எனக்குப் பசி."

பயணியின் வாள் என்பதை அடிமட்டம் வைத்து அடித்துவிட்டு, அதன் மேலே 'பரிசோதகரின் பசி' என்று எழுதினார். பொறுப்பு என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாரா என்று பிற்பாடு சிலர் கேட்டதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நேரத்தில் நான் அங்கே நிற்கிறேன் என்பதே அவருக்கு நினைவிருந்ததா என்று சந்தேகம். மூன்று நாளாகத் தேடியது கிடைத்துவிட்டது. அது தன் சட்டைப்பையில் இருந்தது என்பது அவருக்கு ஒரு சின்ன ஆச்சரியம், அவ்வளவுதான்.

"ஐயா, பசின்னாச்சும் எழுதாதீங்க. சிரிப்பாங்க."

"பசி இல்லாட்டி வேறை என்ன? மற்றபடி நான் அண்டைக்கு ஒழுங்காத்தான் வேலை செய்தனான்."

கடைசிக் கட்டம் ஒப்பம். அதில் சாரதி கையெழுத்துப் போட வேண்டும், காரணத்தை ஒப்புக்கொள்வதாக. பேனாவை நீட்டினார்.

"வாசிச்சுப் பாத்திட்டு வையும்."

நான் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். மொழிபெயர்ப்பாளன் படிவத்தைப் பார்த்து அவர் பெயரைப் பட்டியலின் காலி வரியில் எழுதிக்கொண்டான். வரி நிறைந்ததும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அதிகாரிகூட அன்று யாரையும் மறுபடி அறையவில்லை.

திங்கட்கிழமை லாரிக்குப் பின்னால் அதிகாரியை ஏற்றிக்கொண்டு நான் கார் ஓட்டினேன். வாள் அதே சந்தில்தான் செருகியிருந்தது. லாரியில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். ஐயா வலது ஓரத்தில், பலகையைப் பிடித்துக்கொண்டு. கிம்மாஸ் ரோடு பிரியும் இடத்தில் லாரி வலது பக்கம் திரும்ப வேண்டும். அந்த லாரிக்குச் சிக்னல் கை கிடையாது. ஓட்டியவனும் கையை நீட்டவில்லை. பின்னாலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, ஐயா பலகையைத் தாண்டித் தன் வலது கையை நேராக நீட்டினார். லாரி முழுக்கத் திரும்பும்வரை நீட்டியே வைத்திருந்து, திரும்பியதும் மடக்கிக்கொண்டார். நானும் விசையைத் திருப்பினேன். என் காரின் கை ஒழுங்காக எழுந்தது.

போர் முடிந்தபின் இரண்டு தடவை மூவார் போயிருக்கிறேன். பட்டறை இருந்தது. அவரைப் பற்றி விசாரிக்கவில்லை.

அன்று கிம்மாஸிலிருந்து காரைத் திருப்பிக் கொண்டுவந்து, அடுப்பில் கரியைத் தட்டி, கண்ணாடி துடைத்து நிறுத்தினேன். மறுநாள் காலை எல்லோரும் திடலில் உடற்பயிற்சிக்கு நிற்கும் நேரத்தில் தெற்கே நடந்தேன். அந்தக் காரில் உட்கார்ந்து குழிகளைப் பார்த்து ஓட்ட எனக்கு முடியவில்லை. ரப்பர் பால் பூசிய துணி எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்திருந்தது. அடுத்த தடவை கை எழும்போது பொறுப்புக் கட்டத்தில் எழுத அவர் இருக்க மாட்டார்.

மாட்டுவண்டிக்காரரைத் தாண்டி வந்த அன்று பொந்தியானைச் சேர்ந்த ஒரு ரப்பர் லோடு வண்டியில் கொஞ்சத் தூரம் ஏற்றிக்கொண்டார்கள். பொழுது சாயும் முன் பெக்கான் நானாஸ் வந்து, ஒரு கடையின் முன்தாழ்வாரத்தில் படுத்தேன்.

காலையில் அன்னாசித் தோட்டத்துச் சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், ஆள் பார்க்க வந்தார். தோட்டத்தில் அன்னாசியைப் பிடுங்கி மரவள்ளி நடச் சொல்லி உத்தரவாம். வாசலில் அவருடைய லாரி கிளம்பாமல் நின்றது. இரண்டு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முன்மூடி திறந்திருந்தது. பாட்டரியிலிருந்து ஒரு கம்பி கழன்று தொங்குவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"உனக்கு வண்டி தெரியுமா?" என்று மலாயில் கேட்டார்.

"தெரியாது, தவுக்கே."

"ஏன் நின்றுபோனது என்று பார்க்கக்கூடத் தெரியாதா?"

"தெரியாது."

சங்கோல் என்ற மண்வெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து வரிசையைக் காட்டினார். மரவள்ளிக் குச்சியைச் சாய்த்து நடச் சொன்னார். பக்கத்து வரிசைக்காரன் நேராக நட்டுக்கொண்டிருந்தான். நான் சாய்த்து நட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.